22 தீர்த்தங்களும் ஒரு சிறு பையும்

இராமேசுவரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிற தலங்களில் நீராடிவிட்டுக் கோயிலுக்குள் செல்கிறோம். இங்கோ கோயிலுக்குள் சென்று நீராடுகிறோம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி எழுந்து, சொட்டச் சொட்ட நனைந்த ஆடையுடன் ஆலயத்துக்குள் புகுந்து, மகாலட்சுமி தீர்த்தம் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை 22 தீர்த்தங்களையும் தலையில் ஏற்றுக்கொள்கிறோம். அதன் பின்னர் உலர்ந்த ஆடைக்கு மாறி அருள்மிகு இராமநாத சுவாமியையும் அன்னை பர்வதவர்த்தினியையும் தரிசிக்கிறோம். ஈர ஆடையுடன் சந்நிதிக்குச் செல்ல அனுமதி இல்லை.

இந்த முறையைச் சிந்தித்துப் பார்த்தால் ஒரு லௌகிகமான கேள்வி எழும். கையில் உள்ள பொருள்களை இவ்வளவு நேரமும் எங்கே வைப்பது? நம் பெற்றோர் காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஒரு மஞ்சள் பை, அதில் மாற்றுத் துணி. இடுப்பில் ஒரு சுருக்குப் பை, அதில் சில்லறை. அவ்வளவில் காசி வரை போய்த் திரும்பினார்கள். இன்று நாம் கொண்டுசெல்வன எவை? கைப்பேசி, அதற்கு மின்னேற்றும் சார்ஜர், அதன் ஒயர், பவர் பேங்க், காது கேட்கும் கருவி, அதற்குரிய பொத்தான் அளவு பேட்டரிகள், படிக்க ஒரு கண்ணாடி, பார்க்க ஒரு கண்ணாடி, வங்கி அட்டை, ஆதார் அட்டை, காலைக்கு மூன்று இரவுக்கு நான்கு எனப் பிரித்த மாத்திரைகள். இவற்றில் எந்த ஒன்று நனைந்தாலும் தொலைந்தாலும் யாத்திரை அன்றோடு நின்றுவிடும்.

அடியேனும் என் துணைவியாரும் புதிய பாம்பன் பாலத்தில் இரயில் ஓடத் தொடங்கிய பிறகு இராமேசுவரம் சென்று வந்தோம். எங்கள் இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே இந்தச் சில்லறைப் பொருள்களுக்கு ஏற்ற ஒரு சிறு பையைத் தேடத் தொடங்கினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பணியாற்றியவனுக்கு எந்தப் பொருளும் அதற்குரிய இடத்தில் இருந்தால்தான் உறக்கம் வரும். துணைவியார் இதைக் கேலி செய்வது உண்டு. யாத்திரை முடிந்து வந்த பின் அந்தக் கேலி சற்றுக் குறைந்திருக்கிறது.

பை என்றவுடன் கடைக்கு ஓட வேண்டியதில்லை. நம் மரபிலேயே மூன்று நல்ல மாதிரிகள் இருக்கின்றன. முதலாவது, சபரிமலை யாத்திரையின் இருமுடி. முன்முடியில் ஐயப்பனுக்குரிய நெய்த்தேங்காயும் பூஜைப் பொருள்களும். பின்முடியில் வழிநடைக்கு நமக்கு வேண்டியவை. தெய்வத்துக்குரியதும் உடலுக்குரியதும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இரண்டாவது, மடி ஆசாரம் பேணிய வீடுகளில் இருந்த மடிசஞ்சி. ஒரு வகைப் பொருளுக்கென்றே ஒரு பை, வேறெதுவும் அதில் நுழையாது. மூன்றாவது, பாட்டிமார்களின் சுருக்குப் பை. கயிற்றை இழுத்தால் மூடிக்கொள்ளும், உடலை விட்டு அகலாது, கண் தெரியாவிட்டாலும் விரலே உள்ளிருப்பதைக் கண்டுபிடித்துவிடும். இந்த மூன்று குணங்களும் ஒருங்கே அமைந்த பைதான் முதியவர்களுக்கு ஏற்ற பை என்பது என் கருத்து.

கடைகளில் விற்கும் பைகளைப் பார்த்தபோது இந்த மூன்றில் ஒன்றாவது குறைவதைக் கண்டேன். பெரும்பாலானவை உள்ளும் புறமும் கறுப்பு. சார்ஜரும் கறுப்பு, ஒயரும் கறுப்பு; இரயில் பெட்டியின் மங்கிய வெளிச்சத்தில் கறுப்புக்குள் கறுப்பைத் தேட நம் கண்களால் ஆகாது. உட்புறம் வெள்ளையோ இளமஞ்சளோ ஆக இருக்க வேண்டும். அடுத்து, உள்ளே வரிசை வரிசையாக எலாஸ்டிக் வளையங்கள் தைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மூட்டுவலி உள்ள விரல்களால் அதில் ஒரு ஒயரைச் செருகுவதற்குள் ஒரு நிலையம் கடந்துவிடும். வளையத்தைவிட வலைத்துணியில் தைத்த அறை மேலானது. உள்ளிருப்பது வெளியே தெரியும், கை நுழைத்தால் வந்துவிடும். மூன்றாவது, தோல் பை. எவ்வளவு உயர்ந்ததாயினும் ஆலய யாத்திரைக்கு அது வேண்டாம் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி ஜிப். இராமேசுவரம் ஒரு தீவு. நாற்புறமும் உப்புக் காற்று. 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை அந்தக் காற்று அரித்த கதை நாடறிந்தது. 2022 டிசம்பரில் அதன்மீது இரயில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. பாலத்துக்கே அந்தக் கதி என்றால் பையின் உலோக ஜிப் எம்மாத்திரம்? சில நாள் கடற்காற்றும் ஒரு கைப்பிடி மணலும் போதும், பாதி வழியில் நின்றுவிடும். நைலான் பல் கொண்ட ஜிப்பே நல்லது. அதன் இழுவையில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டால் விரலுக்குப் பிடி கிடைக்கும், கண்ணுக்கு அடையாளமும் ஆகும். ஜிப் மேற்புறம் மட்டும் திறப்பதாக இல்லாமல் மூன்று பக்கமும் ஓடி, பை ஒரு புத்தகம் போல விரிய வேண்டும். அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டாமல் ஒன்றை எடுக்க முடியும்.

இத்தனையும் பொருந்திய பை கிடைக்காததால், எங்கள் தெருத் தையற்காரரிடம் கான்வாஸ் துணி வாங்கிக் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். எட்டு அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம், இரண்டு அங்குலத் தடிமன். உள்ளே மஞ்சள் காடாத்துணி. அளவைக் கேட்டவர், “சார், இன்னும் கொஞ்சம் பெரிசா வெச்சுக்கிட்டா நிறையப் பிடிக்குமே” என்றார். அதற்காகத்தான் சிறிதாக வேண்டும் என்றேன். பெரிய பை தைத்தால் அதை நிரப்புவோம். நிரப்பினால் தோள் வலிக்கும். வலித்தால் கழற்றி இருக்கையில் வைப்போம். பிறகு இறங்கும் அவசரத்தில் அது அங்கேயே இருக்கும். பொருள்கள் எல்லாம் அடங்கியபின் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து அரைக் கிலோவுக்கு மேல் கனக்குமானால் எதையோ வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று பொருள். 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் மட்டுமே ஏறத்தாழ கால் கிலோ இருக்கும்.

ஒரே மாதிரியில் இரண்டு பைகள் தைத்தோம். இதுதான் முக்கியம். வங்கியின் பாதுகாப்பு அறைக்கு இரண்டு சாவிகள் உண்டு. இரண்டும் ஒருவரிடம் இருக்கக்கூடாது. ஒருவர் வராவிட்டால் மற்றவரால் திறக்க முடியாது என்பது சில நாள் தொல்லைதான். ஆனால் ஒருவரால் எல்லாம் போய்விடாது என்பது அதைவிடப் பெரிய காப்பு. இதையே சற்று மாற்றிப் பின்பற்றினேன். என் பையில் என் வங்கி அட்டை, என் கைப்பேசி, என் மாத்திரைகளோடு துணைவியாரின் மாத்திரைகள் இரண்டு நாளைக்கு. அவர் பையில் அவர் அட்டை, அவர் கைப்பேசி, என் மாத்திரைகள் இரண்டு நாளைக்கு. பணமும் இரண்டாகப் பிரிந்தது. அட்டையின் நான்கிலக்க இரகசிய எண் எந்தப் பையிலும் இல்லை. அதை எழுதி அட்டையோடு வைப்பது பெட்டகத்தின் மீதே சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

சென்னையிலிருந்து இரவு இரயிலில் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பெட்டியில் உள்ள மின்னேற்று இணைப்புகளை இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை நிறுத்திவைப்பது தீ விபத்தைத் தவிர்க்க இரயில்வே கைக்கொண்டுள்ள நடைமுறை. ஆகவே உணவு முடிந்த கையோடு கைப்பேசிக்கு மின்னேற்றிவிட வேண்டும். பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் காட்ட அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்; எல்லாம் கைப்பேசிக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கை, அது அணைந்துபோனால் உதவாது.

விடியற்காலையில் பாம்பன். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் வண்டி மெல்ல ஊர்கிறது. இருபுறமும் நீலக்கடல், அருகே பழைய பாலம் மூப்பெய்திய உறவினரைப் போல நிற்கிறது. கப்பல் வரும்போது புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும். அதைக் காணும் பேறு எங்களுக்கு வாய்க்கவில்லை. எங்கள் பெட்டியில் ஏறத்தாழ அனைவருமே சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் படம் எடுத்தார்கள். கை நழுவினால் கைப்பேசி சேதுக்கடலுக்குச் சமர்ப்பணம். பையின் ஓரத்தில் ஒரு துணி வளையம் தைத்து, கைப்பேசியை ஒரு கயிற்றால் அதில் பிணைத்திருந்ததால், துணைவியார் அச்சமின்றிப் படம் எடுத்தார்.

அறைக்குச் சென்று சிறிது இளைப்பாறிய பின் அக்னி தீர்த்தம். இங்கேதான் பையின் உண்மையான வேலை தொடங்குகிறது. அதாவது, பை எங்கே வரக்கூடாது என்பதை முடிவு செய்யும் வேலை. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடைசெய்யும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. பல பெரிய ஆலயங்களின் வாயிலில் கைப்பேசியை ஒப்படைத்து டோக்கன் பெறும் வசதி உண்டு. ஆனால் தீர்த்தமாடப் போகிறவர் அந்தக் காகித டோக்கனை எங்கே வைப்பார்? முதல் ஐந்து தீர்த்தங்களுக்குள் அது கூழாகிவிடும். ஆகவே எங்கள் முடிவு எளிமையாக அமைந்தது. இரு பைகளும் அறையில் பூட்டிய பெட்டிக்குள். காது கேட்கும் கருவியும் அங்கேயே. பார்வைக் கண்ணாடியை மட்டும் ஒரு கயிற்றில் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கருங்கல் தளம் எப்போதும் நீரோடிக் கிடப்பதால் வழுக்கும், கண் தெரியாமல் நடப்பது ஆபத்து. அறைச் சாவி, நூறு ரூபாய்த் தாள்கள் சில, முகவரி எழுதிய அட்டை ஆகிய மூன்றையும் இறுக மூடும் சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டு, அதைத் துணைவியாரின் சுருக்குப் பையில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். எட்டு அங்குலப் பைக்குள் இந்தக் கையகலப் பைக்கு ஓர் அறை முன்பே ஒதுக்கியிருந்தோம்.

தீர்த்தமாடிய அனுபவத்தை என்னவென்று எழுதுவது! கிணற்றின் விளிம்பில் நின்றபடி ஊழியர்கள் வாளியை இறக்கி ஒரே இழுப்பில் மேலேற்றித் தலையில் ஊற்றுகிறார்கள். கடலுக்கு இத்தனை அருகில் இருந்தும் தீர்த்தங்களின் நீர் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. நாவில் பட்ட சுவையே வேறுபடுகிறது. கங்கை, யமுனை, கயா என்ற பெயர்களைத் தாங்கிய தீர்த்தங்களில் நனைந்தபோது, கையில் எதுவுமே இல்லாமல் நிற்கிறோம் என்ற உணர்வு விசித்திரமான ஓர் இலேசைத் தந்தது. மணி பார்க்கவில்லை, ஒலி கேட்கவில்லை, யாரும் அழைக்க முடியாது.

அந்த நிலையில்தான் ஒரு மூதாட்டியைக் கண்டோம். எழுபத்தைந்து வயது இருக்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் கொண்ட அந்தப் பிராகாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சி, திசை தெரியாது. ஒரு தூணடியில் நனைந்த புடவையோடு நடுங்கிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஈரோட்டுப் பக்கத்துக் கிராமம். பேருந்தில் குழுவாக வந்தவர்கள். கூட்டத்தில் பிரிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. துணைவியார் தம் உலர்ந்த துண்டைப் போர்த்தி, வீட்டாரின் தொலைபேசி எண்ணைக் கேட்டார்.

“பேரன் படத்தைத் தொட்டாப் பேசுவானுங்க அம்மா. நம்பரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. போனு பேத்திகிட்ட இருக்குதுங்க” என்றார்.

தங்கியிருக்கும் விடுதியின் பெயர்? தெரியவில்லை. பேருந்தின் பெயர்? நீல நிறம் என்றார். அன்று இராமேசுவரத்தில் நீல நிறப் பேருந்துகள் எத்தனை இருந்தனவோ. பிறகு ஏதோ நினைவு வந்தவராக இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். நனைந்த பத்து ரூபாய்த் தாள்கள் இரண்டு, ஒரு வெற்றிலைக் காம்பு, அவற்றுக்கு அடியில் ஒரு சாவி. குளிக்கப் போகும்போது பேத்தி அவரிடம் கொடுத்து வைத்திருந்த அறைச் சாவி. அதில் தொங்கிய பிளாஸ்டிக் வில்லையில் விடுதியின் பெயரும் அறை எண்ணும் அழியாமல் இருந்தன. கோயில் ஊழியர் ஒருவர் உதவ, ஆட்டோவில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். விடுதி வாசலிலேயே பேத்தி அழுதுகொண்டு நின்றாள். ஆயாவைக் கண்டதும் திட்டத் தொடங்கியவள், பாதியிலேயே கட்டிக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பியதும் எங்கள் உறையிலிருந்த முகவரி அட்டையை எடுத்து மீண்டும் ஒருமுறை படித்தேன். அதில் இருந்தவற்றை இங்கே எழுதுகிறேன். வாசகர்கள் தங்களுக்கு ஏற்பச் செய்துகொள்ளலாம். பெயர், ஊர், இரத்த வகை. மகன், மகள், எங்களில் மற்றவர் ஆகிய மூவரின் கைப்பேசி எண்கள், பெரிய எழுத்தில். தங்கும் விடுதியின் பெயர். இதை மட்டும் ஊருக்கு ஊர் பென்சிலால் மாற்றி எழுத வேண்டும். உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், ஒவ்வாத மருந்து இருந்தால் அதுவும். பின்புறத்தில் அவசர எண்கள்: காவல், மருத்துவ உதவி அனைத்துக்கும் 112, இரயில் பயணத்தில் 139, முதியோர் உதவிக்கு 14567, வங்கிக் கணக்கில் மோசடி நேர்ந்தால் உடனே அழைக்க 1930. இந்த நான்கும் எல்லோர் அட்டையிலும் இருக்க வேண்டும் என்பேன். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை அட்டையில் வேண்டாம். எடுத்துப் படிப்பவர் எல்லோரும் நல்லவராக இருப்பார் என்று கொள்ள முடியாது. எழுதுவதற்கு மைப் பேனாவைவிடப் பென்சில் சிறந்தது, நனைந்தாலும் கரையாது.

கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை வீட்டு நாட்குறிப்பில் எழுதி வைப்பதும் நல்லது. *#06# என்று அழுத்தினால் திரையில் அது தோன்றும். கைப்பேசி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணைப் பதிந்து, பிறர் அதைப் பயன்படுத்த இயலாதவாறு முடக்கலாம். பிள்ளைகளைச் செய்யச் சொன்னால் செய்து தருவார்கள். எண் மட்டும் நம்மிடம் இருக்க வேண்டும்.

மறுநாள் அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனம். அதன் பிறகு கிடைத்த விபூதிப் பிரசாதத்தை என்ன செய்தோம் என்பதும் பைக்கு உட்பட்ட விஷயம். பலரும் விபூதிப் பொட்டலத்தைக் கைப்பேசி வைத்திருக்கும் பையிலேயே திணிப்பதைப் பார்க்கிறேன். பொட்டலம் பிரிந்தால் அந்த மெல்லிய நீறு கைப்பேசியின் மின்னேற்றும் துளைக்குள் புகுந்து படிந்துவிடும். அதைவிட, பிரசாதம் ஒயர்களுக்கு இடையே சிதறிக் கிடப்பது மனத்துக்கு உகந்ததன்று. இருமுடியின் முன்முடி போல, பிரசாதத்துக்கென்று ஒரு சிறு மஞ்சள் துணிப்பை தனியே எடுத்துப் போயிருந்தோம்.

அன்று பிற்பகல் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயலில் ஊரும் இரயிலும் கடல் கொண்ட இடம். இடிந்த தேவாலயத்தின் சுவரும் மணலும் காற்றும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. காற்றோடு மணல் ஊசியாய்க் குத்துகிறது. அங்கே பையைத் திறக்கவே கூடாது; வேண்டியதை வண்டியிலேயே எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். சேதுவில் நீராடி மணல் எடுத்துச் சென்று பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்விப்பது காசி யாத்திரையின் மரபல்லவா? துணைவியார் ஒரு கைப்பிடி மணலை வெள்ளைத் துணியில் முடிந்து பிரசாதப் பையில் வைத்துக்கொண்டார்.

இனி காசி. மகன் விமானத்தில்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். விமானத்துக்குச் சில விதிகள் உண்டு. பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் இடக்கூடாது. கையோடு கொண்டுசெல்லும் பையில்தான் வைக்க வேண்டும். வரம்பு 100 வாட்-மணி. கணக்குப் போடுவது எளிது: 10,000 எம்.ஏ.ஹெச். என்றால் 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 37 வாட்-மணி; 20,000 என்றால் 74. இரண்டும் வரம்புக்கு உட்பட்டவையே. ஆனால் அளவு அச்சிட்ட எழுத்து தேய்ந்துபோயிருந்தால் பரிசோதகர்கள் ஏற்பது ஐயம். கற்பூரமும் தீப்பெட்டியும் பையில் கிடக்கின்றனவா என்று புறப்படும் முன் பார்த்துவிட வேண்டும். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் விமானத்தில் அதற்கு இடமில்லை, காசியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

கான்வாஸ் பைகள் இரண்டையும் துவைத்து உப்பு நீங்க உலர்த்தி வைத்திருக்கிறோம். மணல் முடிச்சு பூஜை அறையில் இருக்கிறது. கார்த்திகையில் குளிர் மிகும் முன் போய் வரலாமா, பங்குனி வரை பொறுக்கலாமா என்பதில் மட்டும் துணைவியாருக்கும் எனக்கும் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.